பாலத்துக்கு ஏன் கூரை?

மழைக்காலம். ஓடையில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது. குறுக்கே இரண்டு மரங்களைப் போட்டிருக்கிறார்கள். மேலே பலகை அடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு அதில் நடந்து போகிறார்கள். தாய்மார்கள் கரையில் நின்று பார்க்கிறார்கள். பிள்ளைகள் அக்கரை சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

இது மலைப் பக்கத்தில் நாம் பார்க்கும் காட்சி. கேரளத்தின் மறையூர் பக்கத்தாருக்கு இது நன்றாகத் தெரியும். மறையூரில் மூணாறு அளவுக்கு மழை இல்லை. ஆனாலும் மேல்மலையில் மழை பெய்தால் போதும். பாம்பாறு பெருகிவிடும். சிற்றோடைகளும் பெருகிவிடும். அப்போது பாலம்தான் துணை.

மறையூரில் முனியறைகள் இருக்கின்றன. கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்தவை. அவை 2000 ஆண்டுகளுக்கும் பழையவை. கல் அத்தனை காலம் நிற்கும். மரம் நிற்குமா? ஓடையில் போட்ட மரம் சில மழைக்காலத்திலேயே இற்றுப் போகிறதே!

ஆனால் உலகில் சில மரப்பாலங்கள் 400 ஆண்டு, 500 ஆண்டு நிற்கின்றன. அவை எப்படி நிற்கின்றன? அந்த ரகசியத்தை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பாலம் போனால்

1924ஆம் ஆண்டு. மலையாள ஆண்டு 1099. அந்த ஆண்டு ஆடி மாதம் பெருவெள்ளம் வந்தது. பெரியவர்கள் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். அப்போது மூணாறில் ரயில் ஓடியது. அந்த வெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. பிறகு அங்கே ரயில் ஓடவே இல்லை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மறுபடியும் பெருமழை. மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவே உள்ள பெரியவாரைப் பாலம் இடிந்தது. அந்த வழியில் வண்டிகள் போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் தவித்தார்கள். காய்கறி ஏற்றியவர்கள் தவித்தார்கள். ஒரு பாலம் போனால் ஊரே துண்டாகிவிடும்.

வெள்ளம் பாலத்தை ஒரே நாளில் கொண்டுபோகும். அது எல்லோருக்கும் தெரியும். மரப்பாலத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. அது சத்தம் போடாது. மெல்ல மெல்ல உள்ளே இருந்து தின்னும்.

மரத்தின் எதிரி யார்?

வேலிக்கால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அது எந்த இடத்தில் இற்றுப் போகும்? மேலே காய்ந்த பகுதி நன்றாக இருக்கும். மண்ணுக்குள் ஆழமாக இருக்கும் பகுதியும் ஓரளவு நன்றாக இருக்கும். மண்மட்டத்தில்தான் ஒடியும். ஏன்?

மரத்தைத் தின்பது ஒரு வகைப் பூஞ்சணம். அது காளான் இனத்தைச் சேர்ந்தது. அது வளர நான்கு வேண்டும். ஒன்று, தின்ன மரம். இரண்டு, ஈரம். மூன்று, காற்று. நான்கு, கொஞ்சம் வெப்பம். மண்மட்டத்தில் இந்த நான்கும் சேர்ந்து கிடைக்கின்றன. அதனால்தான் அங்கே இற்றுப் போகிறது.

கிணற்றில் போடும் நெல்லிப்பலகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிணற்றின் அடியில் அதைப் போடுவார்கள். அது எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும். ஆனாலும் நெடுங்காலம் கெடாது. ஏன்? அங்கே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் இந்தப் பூஞ்சணம் வாழாது.

வீட்டு உத்தரத்தைப் பாருங்கள். அங்கே காற்று உண்டு. ஆனால் ஈரம் இல்லை. அதனால் அதுவும் கெடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அது பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதன் பழைய பகுதிகள் சுமார் 400 ஆண்டு பழையவை. நல்ல ஓட்டுக்கூரையும் இறங்கிய தாழ்வாரமும் அந்த மரத்தைக் காக்கின்றன.

ஆகவே, மரம் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். நனைந்தாலும் சீக்கிரம் உலர வேண்டும். நனைந்து, பாதி உலர்ந்து, மறுபடி நனைந்தால் கேடு. ஓடைப் பாலத்தின் மரம் இப்படித்தான் இருக்கிறது. மேலே மழை. இடுக்கில் சருகு. சருகுக்கு அடியில் ஈரம்.

பதுளையில் ஒரு மரப்பாலம்

மூணாறு மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே தமிழர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். இலங்கையிலும் இப்படி ஒரு மலைநாடு உண்டு. அங்கே பதுளை என்று ஒரு மாவட்டம். அங்கும் தேயிலை. அங்கும் தமிழர்கள் கொழுந்து பறிக்கிறார்கள்.

பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎல என்ற ஊர் இருக்கிறது. அதற்கு வடக்கே போகொட என்ற சிற்றூர். அங்கே ஓர் ஓடையின் மேல் பழைய மரப்பாலம் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஒரு புத்தர் கோயில். பதுளையிலிருந்து கண்டிக்குப் போகும் பழைய பாதை இந்தப் பாலத்தின் வழியாகத்தான் போனது.

இந்தப் பாலம் பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று சொல்கிறார்கள். அதாவது 400 ஆண்டுகளுக்கு மேல். நீளம் சுமார் 50 அடி. அகலம் சுமார் 6 அடி. பெரிய மரத்தண்டுகள் அடியிலிருந்து பாலத்தைத் தாங்குகின்றன. பலா, மருது போன்ற மரங்களால் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரத்தால் ஆன கைப்பிடிச் சுவர்.

பாலத்தின் மேலே ஓட்டுக்கூரை! வீட்டுக்குப் போடுவது போலவே போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மரங்களை இணைக்க மர ஆணிகளையே அடித்திருக்கிறார்கள். ஈர மரத்தில் இரும்பு ஆணி அடித்தால் துருப்பிடிக்கும். துரு சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். துளை பெரிதாகும். ஆணி ஆடும். மர ஆணியில் துரு இல்லை.

வழிப்போக்கர்கள் நனையாமல் இருக்கத்தான் கூரை என்று நினைப்போம். வெயிலுக்கு ஒதுங்கவும் அது உதவியிருக்கும். ஆனால் கூரையால் அதிகப் பயன் பெற்றது யார்? பாலம்தான்! கீழே உள்ள உத்தரத்தில் மழை விழவில்லை. ஓடுகள்தான் நனைந்தன. ஓடு உடைந்தால் மாற்றலாம். உத்தரத்தை அப்படி மாற்ற முடியுமா?

தச்சர் சொன்ன யோசனை

இதே யோசனை உலகில் பல இடங்களில் தோன்றியது. சீனாவில் கூரை போட்ட மரப்பாலங்கள் நிறைய உண்டு. வியட்நாமில் ஹோய் ஆன் என்ற ஊரில் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்திலும் உண்டு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள்.

அமெரிக்காவில் நடந்த கதை இது. பிலடெல்பியா என்ற நகரம். அங்கே ஸ்கூல்கில் என்ற ஆறு. அதன் மேல் ஒரு பெரிய மரப்பாலம் கட்டினார்கள். 1805ஆம் ஆண்டு திறந்தார்கள். கட்டியவர் டிமோதி பால்மர். அவர் தச்சு வேலை தெரிந்தவர். பல பாலங்கள் கட்டியவர்.

பாலத்துக்குக் கூரை போடலாமா என்று பேச்சு வந்தது. பாலத்தின் கம்பெனிக்குத் தலைவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ். அவர் ஒரு நீதிபதி. கூரை வேண்டும் என்பது அவர் கருத்து. பால்மரிடம் யோசனை கேட்டார்கள்.

பால்மர் தன் அனுபவத்தைச் சொன்னார். மூடாத மரப்பாலம் 10 அல்லது 12 ஆண்டுதான் பாரம் தாங்கும். நன்றாக மூடினால் 30, 40 ஆண்டு வரும் என்றார்.

யோசித்துப் பாருங்கள். பாலம் சீக்கிரம் கெட்டால் யாருக்கு லாபம்? பாலம் கட்டுகிறவருக்குத்தான். மறுபடி வேலை கிடைக்கும். கூரை போடச் சொல்வது தன் பிழைப்புக்கு நஷ்டம் என்று பால்மருக்கும் தெரியும். தெரிந்தும் உண்மையைச் சொன்னார். கூரை போட்டார்கள்.

1850இல் ரயில் போவதற்காக அந்தப் பாலத்தை மாற்றிக் கட்டினார்கள். அதுவரை 45 ஆண்டுகள் அது பாரம் தாங்கியது. பால்மர் சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது!

அமெரிக்காவில் குளிர்காலத்தில் பனி விழும். அப்போது சக்கரம் இல்லாத வண்டிகள் பனியின் மேல் சறுக்கி ஓடும். கூரை போட்ட பாலத்துக்குள் பனி விழாது. வண்டி சறுக்காது. அதனால் ஆட்களை வைத்துப் பனியை அள்ளிப் பாலத்துக்குள் போட்டார்கள். வேடிக்கைதான். ஆனாலும் கூரையை மட்டும் எடுக்கவில்லை. அதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

முக்கோணத்தின் பலம்

கூரை மரத்தைக் காக்கும். பாரத்தைத் தாங்குவது எது?

ஒரு சிறு சோதனை செய்யலாம். நான்கு குச்சிகளை எடுத்துச் சதுரமாகக் கட்டுங்கள். ஒரு மூலையைத் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்துவிடும். இப்போது மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டுங்கள். தள்ளுங்கள். அது சாயாது. குச்சி ஒடிந்தால்தான் உருவம் மாறும்.

இப்போது அந்தச் சதுரத்துக்குள் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு குச்சியைக் கட்டுங்கள். சதுரம் இரண்டு முக்கோணம் ஆகிவிட்டது. இனி அதுவும் சாயாது.

ஓட்டு வீட்டின் கூரையிலும் முக்கோணம்தான் இருக்கிறது. பெரிய மரப்பாலங்களில் இரண்டு பக்கச் சுவரிலும் இப்படி முக்கோணங்களை வரிசையாக அமைத்தார்கள். பாரம் ஒரு மரத்திலேயே விழாது. பல மரங்களுக்குப் பங்கு பிரியும். சில மரங்கள் அழுத்தத்தைத் தாங்கும். சில மரங்கள் இழுப்பைத் தாங்கும். கடைசியில் பாரம் இரு கரையிலும் உள்ள கல்கட்டில் போய் இறங்கும்.

1820இல் அமெரிக்காவில் இத்தியல் டவுன் என்பவர் ஒரு புதிய முறை சொன்னார். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து வைப்பது. நாம் மூங்கில் தட்டி பின்னுவது போல. பலகைகள் சேரும் இடத்தில் மர ஆணி அடிப்பது. இதற்குப் பெரிய பெரிய மரம் தேவை இல்லை. சாதாரணப் பலகை போதும். ஊர்த் தச்சர்களே கட்டிவிடலாம். இந்த முறையில் ஏராளமான பாலங்கள் எழுந்தன. பலகைச் சுவர் நனையாமல் இருக்க வெளியே மூடினார்கள். மேலே கூரை போட்டார்கள்.

பாலத்துக்கு வைத்தியர்கள்

பழைய பாலங்களைச் சோதிக்க இப்போது பொறியாளர்கள் வருகிறார்கள். அவர்களை இன்ஜினியர்கள் என்றும் சொல்வோம். வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது போல அவர்கள் பாலத்தைப் பார்க்கிறார்கள்.

முதலில் கண்ணால் பார்க்கிறார்கள். எங்கே ஓடு உடைந்திருக்கிறது? எங்கே மரம் கறுத்திருக்கிறது? எங்கே பாசி? எங்கே காளான்?

அடுத்து காதால் கேட்கிறார்கள். சின்னச் சுத்தியலால் மரத்தைத் தட்டுகிறார்கள். நல்ல மரம் 'டங்' என்று ஒலிக்கும். உள்ளே இற்ற மரம் 'பொத்' என்று கேட்கும். நாம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

பிறகு கூரான கம்பியால் குத்திப் பார்க்கிறார்கள். நல்ல மரத்தில் கம்பி இறங்காது. இற்ற மரத்தில் சுலபமாக இறங்கும்.

ஈரம் அளக்க ஒரு கருவி உண்டு. அதில் இரண்டு ஊசிகள் இருக்கும். மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று காட்டும். நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருந்தால் பயம் இல்லை. அதில் பூஞ்சணம் வளராது.

மிக மெல்லிய துளைக்கருவியும் உண்டு. அது மரத்துக்குள் போகும்போது எங்கே கெட்டி, எங்கே பொக்கு என்று கோடு போட்டுக் காட்டும். துளையோ ஊசி அளவுதான்.

கடைசியில் பாரம் ஏற்றிப் பார்க்கிறார்கள். எடை தெரிந்த பாரத்தை வைப்பார்கள். பாலம் எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார்கள். பாரத்தை எடுத்ததும் பாலம் பழைய நிலைக்கு வர வேண்டும்.

இவர்கள் முக்கியமாகப் பார்க்கும் இடம் எது தெரியுமா? பாலத்தின் இரண்டு முனைகள். உத்தரம் கல்கட்டின் மேல் உட்காரும் இடம். அங்கேதான் மண்ணும் சருகும் சேரும். ஈரம் தங்கும். நடுவில் பாலம் நன்றாக இருக்கும். முனையில் இற்றிருக்கும். வேலிக்கால் கதைதான்!

எல்லாவற்றையும் அவர்கள் எழுதி வைக்கிறார்கள். படம் வரைகிறார்கள். அளவு குறிக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய மரப்பாலங்களைக் காக்க 1998இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்பின் பல பாலங்களை அளந்து, படம் வரைந்து, வரலாற்றையும் எழுதி வைத்தார்கள். அடுத்த முறை சோதிக்கும்போது பழைய குறிப்போடு ஒத்துப் பார்க்கலாம். எது மாறியது என்று தெரியும்.

பழுது பார்க்கும்போதும் ஒரு முறை உண்டு. நல்ல மரத்தைக் கழிப்பது இல்லை. இற்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே வகை மரத்தைப் பொருத்துகிறார்கள். ஹோய் ஆன் பாலத்தை இப்படிப் பழுது பார்த்தார்கள். 2022 கடைசியில் தொடங்கிய வேலை 2024 ஆகஸ்டில் முடிந்தது.

தீயும் பாரமும்

கூரை மழையைத் தடுக்கும். தீயைத் தடுக்காது. காய்ந்த மரம் சீக்கிரம் தீப்பிடிக்கும். பால்மர் கட்டிய இடத்தில் இருந்த பாலம் 1875இல் தீயில்தான் அழிந்தது.

சுவிட்சர்லாந்தில் லுசெர்ன் என்ற நகரம் உண்டு. அங்கே உள்ள கூரைப் பாலம் பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. நீளம் 600 அடிக்கும் மேல். உள்ளே கூரைக்கு அடியில் பழைய ஓவியங்கள். 1993 ஆகஸ்டு 18 அதிகாலையில் அந்தப் பாலத்தில் தீப்பிடித்தது. பெரும்பகுதி எரிந்தது. பல ஓவியங்களும் போயின. நகர மக்கள் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டே திருப்பிக் கட்டித் திறந்தார்கள்.

அதிகப் பாரமும் ஆபத்து. மாட்டுவண்டிக்குக் கட்டிய பாலத்தில் லாரி போகலாமா? அதனால்தான் பழைய பாலங்களில் இத்தனை டன்தான் போகலாம் என்று பலகை வைக்கிறார்கள். அந்தப் பலகையைப் படிப்பது நம் கடமை. படித்தபடி நடப்பதும் நம் கடமை.

நம் ஓடைப் பாலம்

நம் ஊர் ஓடைப் பாலத்துக்கு ஓட்டுக்கூரை போட முடியாமல் போகலாம். ஆனால் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் செலவு குறைவு.

மரத்தின் முனையை மண்ணில் புதைக்க வேண்டாம். கல்லை அடுக்கி அதன் மேல் வையுங்கள்.

வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்துப் போடுங்கள். சந்தன மரத்தைப் பற்றி மறையூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? வெளியே உள்ள வெள்ளையில் மணம் இல்லை. மணம் எல்லாம் வைரத்தில்தான். மற்ற மரங்களிலும் அப்படியே. வெள்ளை சீக்கிரம் இற்றுப் போகும். பலம் வைரத்தில்தான் இருக்கிறது.

பலகைகளுக்கு நடுவே விரல் அளவு இடைவெளி விடுங்கள். தண்ணீர் கீழே வடிந்துவிடும். காற்றும் புகும்.

சருகையும் மண்ணையும் அடிக்கடி கூட்டித் தள்ளுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். குத்திப் பாருங்கள். 'பொத்' என்று கேட்டால், கம்பி உள்ளே இறங்கினால், பிள்ளைகளை அந்த வழியில் அனுப்பாதீர்கள்.

இன்னும் ஒரு வேலை உண்டு. பாலத்துக்கு ஒரு நோட்டு வையுங்கள். பார்த்த தேதியை எழுதுங்கள். எந்தப் பலகை ஆடுகிறது, எந்த முனையில் ஈரம் என்று எழுதுங்கள். எழுதத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். பெரிய பொறியாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

பழுது பெரிதாக இருந்தால் அந்த நோட்டைப் பார்த்து ஒரு மனு எழுதுங்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கிராமசபைக் கூட்டத்தில் படியுங்கள். பஞ்சாயத்தில் கொடுங்கள். 'பாலம் கெட்டுவிட்டது' என்று வாயால் சொன்னால் மறந்து போகலாம். 'வடக்கு முனையில் இரண்டு உத்தரங்களும் இற்றுவிட்டன, தினமும் இத்தனை பிள்ளைகள் போகிறார்கள்' என்று தேதியோடு எழுதினால் யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

போகொடப் பாலம் கூரையால் மட்டும் நிற்கவில்லை. உடைந்த ஓட்டை மாற்ற யாரோ ஏறியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக யாரோ பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நம் ஓடைப் பாலத்தையும் யாராவது பார்க்க வேண்டும். அந்த யாராவது நாமாகவே இருக்கலாம்.

பேசிப் பார்ப்போம்

1. வேலிக்கால் மண்மட்டத்தில் இற்றுப் போவது ஏன்?

2. கிணற்று நெல்லிப்பலகை நெடுங்காலம் கெடாமல் இருப்பது ஏன்?

3. பால்மர் சொன்ன யோசனை அவருக்கு நஷ்டம். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

4. உங்கள் ஊரில் எத்தனை மரப்பாலங்கள் இருக்கின்றன? கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்?

5. உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள்.